1852: வரிக்குக் கணக்குக் கேட்ட சென்னைவாசிகள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. சாயங்காலம் காபி குடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த மாணவர் ஒருவர் இப்போது மளிகை மொத்த வியாபாரம் செய்கிறார். போன வாரம் போனில் பேசும்போது, "சார், அமெரிக்கா, கனடாவில் எல்லாம் வரி கட்டுகிறவர்களே சங்கம் வைத்திருக்கிறார்களாம். வரியைக் குறை, வாங்கின வரிக்குக் கணக்குச் சொல் என்று அரசாங்கத்தைக் கேட்கிறார்களாம். நம்ம பக்கம் அந்தப் பழக்கமே இல்லையே?" என்றார்.

பழக்கம் இருந்தது தம்பி, என்றேன். அதுவும் காங்கிரஸ் கட்சி பிறப்பதற்கு 33 வருடம் முன்னால், இதே சென்னைப் பட்டணத்தில் இருந்தது. போனில் சொல்லி முடிக்க முடியாத கதை என்பதால் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்தில் "சென்னைவாசிகள் சங்கம்" என்று ஒரு சிறிய பத்தி வரும். பிள்ளைகள் அதை ஒரு மதிப்பெண் கேள்விக்காக மனப்பாடம் செய்வார்கள். தொடங்கிய ஆண்டு 1852, தொடங்கியவர் கஜுலு லட்சுமிநரசு செட்டி, அவ்வளவுதான். அந்தப் பத்திக்குப் பின்னால் எத்தனை பேருடைய முதுகும் விரலும் இருக்கிறது என்பதைத் தேர்வில் யாரும் கேட்பதில்லை.

முதலில் அந்தக் காலத்து வரியைப் பார்ப்போம். அது தெரியாவிட்டால் சங்கம் ஏன் பிறந்தது என்பது புரியாது.

1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால், சேலம் பகுதிகள் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. அங்கே அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் நிலவரி வசூலிக்க ஒரு புது முறையைத் தொடங்கினார்கள். நடுவில் ஜமீன்தார் கிடையாது. ஒவ்வொரு குடியானவனுடனும் அரசாங்கமே நேராகக் கணக்கு வைத்துக்கொள்ளும். இதுதான் ரயத்துவாரி. 1820-ல் மன்றோ சென்னை கவர்னராக வந்த பிறகு மாகாணத்தின் பெரும்பகுதிக்கு இதுவே முறையானது.

காகிதத்தில் பார்த்தால் நல்ல முறை. ஆனால் ஜமீன்தார் இருந்த இடத்தில் அரசாங்கமே வந்து உட்கார்ந்துகொண்டது. தீர்வை மிக அதிகம். பல இடங்களில் விளைச்சலில் ஏறக்குறையப் பாதி. அதையும் நெல்லாகக் கொடுக்க முடியாது, பணமாகக் கட்ட வேண்டும். 1820களின் நடுவிலிருந்து சுமார் முப்பது வருடம் தானிய விலை விழுந்து கிடந்தது. தீர்வை மட்டும் விழவில்லை. பத்து ரூபாய் தீர்வை கட்டப் போன வருடம் எத்தனை கலம் நெல் விற்றானோ, இந்த வருடம் அதைவிட அதிகம் விற்க வேண்டும். வீட்டில் பானைக்கு என்ன மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நிலம் இல்லாதவர்களும் தப்பவில்லை. "மொதுர்பா" என்று கம்பெனி ஆவணங்களில் எழுதப்பட்ட ஒரு தொழில்வரி இருந்தது. நெசவாளியின் தறிக்கு வரி, செக்குக்கு வரி, தச்சன், கொல்லன், சிறு கடைக்காரன் எல்லோருக்கும் வரி. நல்ல வருமானமா கெட்ட வருமானமா என்ற கேள்வி கிடையாது. இதற்கு மேல் உப்பு. 1805-லிருந்து சென்னை மாகாணத்தில் உப்பு கம்பெனியின் ஏகபோகம். கடற்கரைக்காரன் கண்ணெதிரே விளைகிற உப்பை அள்ளினால் குற்றம். அரசாங்கம் சொன்ன விலைக்குத்தான் வாங்க வேண்டும்.

அடுத்தது வசூல். மேலே வெள்ளைக்காரக் கலெக்டர் ஒருவர், ஒரு ஜில்லா முழுவதற்கும். அவருக்குக் கீழே தாசில்தார், பிறகு ஊரில் மணியக்காரர், கர்ணம், கடைசியில் கையில் தடியோடு சேவகன். 1816-ல் வந்த சட்டங்களின்படி போலீஸ் அதிகாரமும் இதே வருவாய்த்துறை ஆட்களிடம் கொடுக்கப்பட்டது. தீர்வை கேட்கிறவரும் தாசில்தார், பிடித்து அடைக்கிறவரும் தாசில்தார். அவர் மேல் புகார் சொல்ல வேண்டுமானால் கலெக்டரிடம் போக வேண்டும். கலெக்டருக்கோ வசூல் நிலுவையில்லாமல் முடிந்தால்தான் மேலிடத்தில் நல்ல பெயர். சாவி ஒருவரிடம், பூட்டும் அவரிடமே என்றால் வீட்டுக்காரன் கதி என்ன?

வசூலாகாத இடத்தில் கிட்டி வந்தது.

கிட்டி என்றால் இரண்டு கட்டைகளை ஒரு முனையில் சேர்த்துக் கட்டியது. எலுமிச்சம்பழம் பிழிகிற கருவி போல என்று ஆவணங்கள் சொல்கின்றன. நடுவில் விரல்களை வைத்து நெரிப்பார்கள். இன்னொன்று அண்ணாந்தாள். கழுத்தையும் காலையும் கயிற்றால் இழுத்துக் கட்டி, ஆளைக் குனிந்த நிலையில் வெயிலில் நிறுத்துவார்கள். சில சமயம் முதுகில் கல்லையும் ஏற்றுவார்கள். பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களிலும் அண்ணாந்தாள் என்ற பெயரில் ஒரு தண்டனை இருந்தது. வாத்தியார் தொழில் பார்த்தவன் என்பதால் அந்தச் சொல்லைப் படிக்கும்போது எனக்குக் கூடுதலாகவே சுருக்கென்றது.

நம் மொழியிலேயே பாருங்கள். வரி வசூலுக்குத் தண்டல் என்று பெயர். அபராதத்துக்கும் தண்டம், அடிக்கும் தண்டம். அந்தக் காலத்துக் குடியானவனுக்கு இந்தச் சொற்களுக்குள் பெரிய வித்தியாசம் தெரிந்திருக்காது.

இனி லட்சுமிநரசு செட்டிக்கு வருவோம். 1806-ல் சென்னையில் பிறந்தவர். வீட்டு மொழி தெலுங்கு. காஜுலு என்றால் தெலுங்கில் வளையல். குடும்பம் துணியும் அவுரியும் வியாபாரம் செய்து நன்றாகச் சம்பாதித்தது. கல்லூரிப் படிப்பு கிடையாது. ஆனால் பட்டணத்தில் யார் என்ன பேசுகிறார்கள், கோட்டையில் என்ன உத்தரவு போடுகிறார்கள் என்பதை உன்னிப்பாகக் கவனித்தவர்.

1844 அக்டோபரில் "கிரெசென்ட்" என்ற ஆங்கிலப் பத்திரிகையைத் தொடங்கினார். பெயருக்குப் பிறை என்று பொருள். இந்தியர்களின் குறைகளைச் சொல்ல இந்தியர் ஒருவர் சொந்தப் பணத்தில் நடத்திய பத்திரிகை அது. ஆசிரியர் பொறுப்பை எட்வர்டு ஹார்லி என்ற ஆங்கிலேயரிடம் கொடுத்தார். பத்திரிகை தொடங்கப் போவதாக அரசாங்க கெஜட்டில் ஒரு விளம்பரம் போடக்கூட இடம் தர மறுத்துவிட்டார்கள். கேள்வி கேட்கப் போகிறான் என்பது அதிகாரிகளுக்கு முன்கூட்டியே மூக்கில் வியர்த்துவிட்டது.

இந்தப் பின்னணியில்தான் 1852 பிப்ரவரி 26-ல் சங்கம் தொடங்கியது. முதலில் கல்கத்தாவின் பிரிட்டிஷ் இந்திய சங்கத்துக்குக் கிளை போலத்தான் ஆரம்பித்தார்கள். சில மாதத்திலேயே, எங்கள் மாகாணத்துக் கஷ்டம் வேறு, நாங்களே பேசிக்கொள்கிறோம் என்று தனியாகிவிட்டார்கள். வங்காளத்தில் ஜமீன்தாரி, இங்கே ரயத்துவாரி. அங்கே சங்கத்தில் பெரிய ஜமீன்தார்கள் நிறைந்திருந்தார்கள். இங்கே வியாபாரிகள்தான் அதிகம்.

காலமும் சரியாக வாய்த்தது. கம்பெனிக்கு இந்தியாவை ஆளப் பாராளுமன்றம் கொடுத்திருந்த சாசனம் இருபது வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். அடுத்த கெடு 1853. அதற்குள் நம் குறைகளை லண்டனுக்கு எழுதி அனுப்பிவிட வேண்டும் என்று சங்கத்தார் ஒரு நீண்ட மனுவைத் தயாரித்தார்கள். நிலத்தீர்வை தாங்க முடியவில்லை, தொழில்வரியை எடுத்துவிடுங்கள், உப்பு ஏகபோகத்தால் ஏழை சாகிறான், வசூலில் சித்திரவதை நடக்கிறது, நீதிமன்றம் மெத்தனமாக இருக்கிறது, இவ்வளவு வாங்கியும் சாலைக்கும் ஏரி குளத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் செலவு செய்வது சொற்பம் என்று ஒவ்வொன்றாக எழுதினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வரியைக் குறை என்பது பாதிக் கோரிக்கைதான். எப்படி வசூலிக்கிறாய், எதற்குச் செலவழிக்கிறாய் என்பது மீதிப் பாதி. வரி வேண்டவே வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. ஏரி வெட்டு, சாலை போடு, பள்ளிக்கூடம் கட்டு என்றுதான் கேட்டார்கள். பணம் கொடுப்பவனுக்குக் கணக்குக் கேட்க உரிமை உண்டு என்பதை இங்கே ஒரு சங்கமாகக் கூடி, எழுத்தில் வைத்த தொடக்க கால ஆவணங்களில் அது ஒன்று.

1853 பிப்ரவரியில் எல்லன்பரோ பிரபு அந்த மனுவைப் பிரபுக்கள் சபையில் வைத்தார். முன்பு இந்தியாவில் கவர்னர் ஜெனரலாக இருந்தவர் அவர். ஆனால் சாசனச் சட்டம் வழக்கம்போல நிறைவேறிவிட்டது. கம்பெனி ஆட்சி நீடித்தது. சென்னைவாசிகள் கேட்டதில் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை.

நம்மில் பலர் இந்த இடத்தில்தான் மனுவைச் சுருட்டி வைத்துவிட்டு, "இவங்களை எல்லாம் திருத்த முடியாதுப்பா" என்று வீட்டுக்குப் போவோம். லட்சுமிநரசு போகவில்லை.

லண்டனில் அதே 1853-ல் இந்தியச் சீர்திருத்தச் சங்கம் என்று ஒன்று தொடங்கியிருந்தது. அதைச் சேர்ந்த பாராளுமன்ற உறுப்பினர் டான்பி செய்மூர் அந்த ஆண்டின் பிற்பகுதியில் சென்னைக்கு வந்தார். லட்சுமிநரசு அவரை விருந்தோடு அனுப்பிவிடவில்லை. ஜில்லாக்களுக்குக் கூடவே அழைத்துப் போனார். அப்போது சென்னை மாகாணத்தில் ரயில் கிடையாது. ராயபுரத்திலிருந்து முதல் ரயில் ஓடியது 1856-ல்தான். அந்தச் சாலைகளில் போய், குடியானவர்களே தங்கள் வாயால் சொல்வதைச் செய்மூரைக் கேட்க வைத்தார்.

1854 ஜூலையில் பாராளுமன்றத்தில் சென்னை மாகாணத்து நிலவரி பற்றி விவாதம் வந்தது. அங்கே வரி வசூலுக்காகச் சித்திரவதை நடக்கிறது என்று சொன்னதும் கம்பெனி பக்கத்தவர்கள் கொதித்தார்கள், மறுத்தார்கள். ஆனால் நேரில் போய்க் கேட்டு வந்த ஆள் எதிரே நிற்கும்போது மறுப்பு எத்தனை நேரம் நிற்கும்? விசாரிக்காமல் விடமுடியாத நிலை வந்தது.

அந்த செப்டம்பரில் சென்னையில் சித்திரவதை விசாரணை ஆணையம் அமைந்தது. எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் என்று மூன்று பேர். நார்ட்டன் சென்னையில் வழக்கறிஞர். மாகாணத்தின் நிலைமை பற்றி அரசாங்கத்தைக் குறைசொல்லி அதே ஆண்டில் புத்தகம் எழுதியவர்.

ஆணையத்துக்கு வந்த புகார்கள் 1,959. அதில் 519 பேர் நேரில் வந்தவர்கள். மீதி 1,440 எழுத்தில் வந்தவை. இந்த 519 என்ற எண்ணை நான் நிறுத்தி நிறுத்திப் படித்தேன். ஆணையம் உட்கார்ந்தது சென்னையில். வெளி ஜில்லாக்காரன் வர வேண்டுமென்றால் நடக்க வேண்டும், அல்லது மாட்டு வண்டி. வழிச் செலவு அவனுடையது, விடுகிற வேலையும் அவனுடையது. திரும்பி ஊருக்குப் போனால் அதே தாசில்தார், அதே சேவகன். எல்லாம் தெரிந்தும் வந்தார்கள்.

என்ன சொன்னார்கள்? இரண்டு வழக்குகளை மட்டும் சொல்கிறேன்.

ஒரு குடியானவரின் வாக்குமூலம். மழை இல்லாமல் பிசானப் பயிர் போய்விட்டது. பிசானம் என்றால் நெல்லைச் சீமைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜமாபந்தியில், முன்பு போட்ட ஒப்பந்தப்படி தள்ளுபடி கொடுங்கள் என்று கேட்டார்கள். மறுத்தார்கள். அப்படியானால் பட்டா வேண்டாம் என்று இவர்கள் வாங்க மறுத்தார்கள். ஜூன் முதல் ஆகஸ்டு வரை தாசில்தாரின் ஆட்கள் இவர்களை வெயிலில் கொண்டுபோய்க் குனிய வைத்து, முதுகில் கல்லேற்றி, சுடுமணலில் நிறுத்தினார்கள். பெண்களையும் கிட்டி விட்டுவைக்கவில்லை. கலெக்டரிடம் மனு கொடுக்கப் போனால் வாங்கவில்லை. செஷன்ஸ் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிமன்றம் அந்த மனுவை யாருக்கு அனுப்பியது தெரியுமா? அதே கலெக்டருக்கு. செப்டம்பரில் நோட்டீஸ் வந்தது. இருபத்தைந்தே நாளில் சொத்து ஜப்தியாகி, பிறகு ஏலமும் போனது.

இன்னொன்று கொள்ளிடத்தில் பாலம் கட்டியபோது நடந்தது. பலகை, கரி, விறகு எல்லாம் காசில்லாமல் கொண்டுவரச் சொல்லி ஊராருக்கு உத்தரவு. ஒரு பிராமணர் மறுத்தார். பன்னிரண்டு பேர் வந்து அவரைப் பிடித்துப் பலவிதமாகத் துன்புறுத்தினார்கள். அவர் சப் கலெக்டரிடம் புகார் கொடுத்தார். விசாரணை நடக்கவில்லை, மனுதான் கிழிந்தது. ஏழைகளின் தலையில் கைவைத்துப் பாலத்தை மலிவாக முடித்து, மேலிடத்தில் நல்ல பெயர் வாங்குவதற்காகவே இப்படி என்று அவர் சொன்னார். சட்டப் புத்தகத்தில் இருக்கிற வரி போக, கணக்கில் வராத வரி இப்படி எத்தனையோ.

1855 ஏப்ரலில் ஆணையம் அறிக்கை கொடுத்தது. வரி வசூலிக்கச் சித்திரவதை பரவலாக நடப்பது உண்மை என்று எழுதியது. பாதிக்கப்பட்டவனுக்கு நியாயம் கிடைப்பது எவ்வளவு கடினம் என்பதே தங்களை மிகவும் வருத்தியது என்றும் எழுதியது. கம்பெனி அரசாங்கமே நியமித்த ஆணையம், கம்பெனி அரசாங்கத்தின் காகிதத்தில் எழுதிய உண்மை அது. அதற்குப் பிறகு யாரும் இல்லை என்று சொல்ல முடியாது.

இந்த அறிக்கை எங்கெல்லாம் போனது பாருங்கள். 1857-ல் வடக்கே சிப்பாய்கள் கிளர்ந்தபோது, இந்தியர்களின் கொடூரம் என்று இங்கிலாந்துப் பத்திரிகைகள் எழுதித் தள்ளின. அப்போது லண்டனில் இருந்த கார்ல் மார்க்ஸ், நியூயார்க் டெய்லி டிரிப்யூன் பத்திரிகையில் இந்தச் சென்னை அறிக்கையை எடுத்துப் போட்டு, உங்கள் ஆட்சியின் யோக்கியதையை முதலில் பாருங்கள் என்ற பொருளில் ஒரு கட்டுரை எழுதினார். மேலே நான் சொன்ன இரண்டு வழக்குகளும் அந்தக் கட்டுரையில் இருக்கின்றன. பெயர் தெரியாத நம் ஊர்க் குடியானவர்களின் சொல் சென்னை வழியாக லண்டன் போய், அங்கிருந்து நியூயார்க்கில் அச்சானது.

பலன் என்ன? உடனே எல்லாம் மாறவில்லை, ஆனால் மாறின. 1859-ல் சென்னை மாகாணத்துக்குத் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. போலீஸ் வேலை வருவாய்த்துறையிடமிருந்து பிரிந்தது. தீர்வை கேட்கிறவனும் கைது செய்கிறவனும் ஒரே ஆளாக இருந்த நிலை முடிந்தது. தீர்வையைக் குறைக்க வேண்டும், நிலத்தை முறையாக அளக்க வேண்டும் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டது. 1858-லிருந்து நில அளவை வேலை முறையாகத் தொடங்கியது. 1864-ல் அரசின் பங்கு நிகர விளைச்சலில் பாதிக்கு மேல் போகக்கூடாது என்று விதி வந்தது. அந்த விதி நடைமுறையில் எவ்வளவு மதிக்கப்பட்டது என்பது வேறு கதை. தறிக்கும் செக்குக்கும் போட்ட தொழில்வரி 1860களின் தொடக்கத்தில் ஒழிந்தது. உப்பு மட்டும் அசையவில்லை.

இந்த இடத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1857 கலகச் செலவை ஈடுகட்ட 1860-ல் ஜேம்ஸ் வில்சன் இந்தியாவுக்கு வருமான வரியைக் கொண்டுவந்தார். சென்னை கவர்னர் சார்லஸ் டிரெவலியன் அதை எதிர்த்தார். எதிர்ப்பை ரகசியமாக வைக்காமல் பத்திரிகைக்கே கொடுத்துவிட்டார். லண்டன் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. வரியைப் பற்றி வெளிப்படையாகப் பேசினால் கவர்னருக்கே அந்தக் கதி. செட்டியாருக்கும் குடியானவனுக்கும் எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்?

புகழ்ந்துகொண்டே போனால் அது வரலாறு ஆகாது. குறைகளையும் சொல்ல வேண்டும்.

முதலாவது, ஆணையத்தின் அறிக்கை பழியை முழுக்க இந்தியச் சிப்பந்திகள் மேல் போட்டது. வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு இதில் சம்பந்தமில்லை என்றது. கிட்டியைப் பிடித்த கை சேவகனுடையதுதான், சந்தேகமில்லை. ஆனால் நிலுவை இல்லாமல் வசூல் வேண்டும் என்று மேலிருந்து நெருக்கியது யார்? மனுவை வாங்க மறுத்தது யார்? ஒரு சேவகன் தப்பு செய்தால் அது ஆளின் தப்பு. மாகாணம் முழுக்க ஒரே தப்பு நடந்தால் அது முறையின் தப்பு. இந்த வித்தியாசத்தை அறிக்கை சாமர்த்தியமாகத் தாண்டிப் போய்விட்டது.

இரண்டாவது, சங்கம் பேசியது வரி கட்டுகிறவனுக்காக. பட்டா இருந்தவனுக்குத்தான் தீர்வை. பட்டாவே இல்லாமல், தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் உழைத்த பண்ணையாள், படியாள் கதை என்ன? தீர்வை கட்ட முடியாமல் அடிபட்ட மிராசுதார் வீட்டிலேயே பண்ணையாள் அடிபட்டுக்கொண்டிருந்தான். அவனுக்காக அந்த மனுவில் யார் எழுதுவது? வரி செலுத்துவோர் சங்கம் என்று எந்த நாட்டில் தொடங்கினாலும் இந்தக் கேள்வி கூடவே வரும். வரி குறைந்தால் லாபம் யாருக்கு, செலவு குறைந்தால் நஷ்டம் யாருக்கு என்று கேட்டாக வேண்டும். 35 வருடம் அரசுப் பள்ளியில் சம்பளம் வாங்கியவன் நான். அந்தச் சம்பளம் வரிப் பணம். எங்கள் பள்ளியில் படித்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அந்தப் பள்ளி இல்லையென்றால் வேறு பள்ளி கிடையாது. அதனால் வரியே கூடாது என்கிற கட்சியில் என்னால் சேர முடியாது. கணக்குச் சொல் என்கிற கட்சியில் கண்ணை மூடிக்கொண்டு சேருவேன்.

மூன்றாவது, சங்கம் நெடுநாள் நிற்கவில்லை. ஒரு மனிதரின் பணத்திலும் பிடிவாதத்திலும் பெரிதும் நின்ற அமைப்பு அது. 1862-க்குள் செயலற்றுப் போனது. லட்சுமிநரசுவுக்கு அரசாங்கம் பட்டம் கொடுத்தது, 1863-ல் சட்டசபையில் நியமன உறுப்பினர் ஆக்கியது. ஆனால் பத்திரிகைக்கும் பொதுக் காரியத்துக்கும் செலவழித்தே அவருடைய சொத்து கரைந்துவிட்டது. 1868-ல் வறுமையில் இறந்தார். கணக்குக் கேட்டவர் தன் சொந்தக் கணக்கைப் பார்க்கவில்லை.

ஆனாலும் விதை வீண் போகவில்லை. 1884-ல் வீரராகவாச்சாரியார், ஜி. சுப்பிரமணிய ஐயர், அனந்தாச்சார்லு ஆகியோர் சென்னை மகாஜன சபையைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு பம்பாயில் காங்கிரஸ் கூடியது. 1852 மனுவில் எழுதிய உப்புக் குறைக்காக 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். நடுவில் 78 வருடம். அந்த வரி ஒழிந்தது 1947-ல். ஒரு கோரிக்கை எழுதப்பட்டு நிறைவேற 95 வருடம் ஆனது என்றால், மூன்று மாதத்தில் பதில் வரவில்லை என்று சோர்ந்து போகிற நமக்கு அதில் பாடம் இருக்கிறது.

இன்றைக்கு நம் நிலைமை எவ்வளவோ மேல். தகவல் உரிமைச் சட்டத்தை மாநில அளவில் 1997-லேயே நிறைவேற்றியது தமிழ்நாடு. 2005-ல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. அதற்கு முன்னால் ராஜஸ்தான் கிராமங்களில் கூலிக்காரர்கள் ஊர்நடுவில் உட்கார்ந்து, அரசாங்கக் கணக்கை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்பதுதான் அவர்கள் முழக்கம். பட்டா இல்லாதவர்கள் கேட்ட கணக்கு அது. 1852-ல் விடுபட்டவர்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-ல் கையெழுத்துப் போட்டது. அதை இன்னும் உறுதிப்படுத்தவில்லை. வரிக்காகக் கிட்டி போடுவது ஒழிந்தது. காவலில் அடிப்பது ஒழிந்ததா என்று நாளிதழ் படிக்கிற உங்களுக்கே தெரியும்.

வியாபாரம் செய்கிற என் மாணவருக்கும் மற்ற எல்லோருக்கும் ஒரு வாத்தியாராகச் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். சங்கம் வைக்கலாம், நல்லது. அதற்கு முன் கையில் இருக்கிறதைப் பயன்படுத்துங்கள். கிராம சபை நடக்கிற நாளில் போய் உட்காருங்கள். வரவு செலவுக் கணக்கைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். வருடா வருடம் தாலுகா அலுவலகத்தில் இன்றும் ஜமாபந்தி நடக்கிறது, அதே பெயரில். அன்று மழையில்லை, தள்ளுபடி கொடுங்கள் என்று கேட்டவன் முதுகில் கல்லேற்றிய அதே ஜமாபந்திதான். இன்று அங்கே நீங்கள் நிமிர்ந்து நின்று மனு கொடுக்கலாம்.

கொடுங்கள். கொடுத்துவிட்டு ஒப்புகைச் சீட்டை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். மனுவை வாங்க மறுத்ததும் கிழித்துப் போட்டதும்தான் அந்த 1,959 பேர் சொன்ன கதையில் பாதி. அந்தச் சின்னச் சீட்டை நீட்டி வாங்குகிற உரிமைக்காக இந்தச் சென்னை மாகாணத்தில் 519 பேர் ரயில் இல்லாத காலத்தில் பட்டணத்துக்கு வந்தார்கள்.